கட்டியாகாத பால், படியாத துகள்: வெப்பம் கடத்தும் நானோ பாய்மங்களின் வரலாறு



இவ்வுரையின் பொருள் வெப்பத்தைக் கடத்தும் நானோ பாய்மங்களின் வரலாறு. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ, அதனினும் சிறிய திடத்துகள்களை நீரிலோ எண்ணெயிலோ கலந்து, அந்நீர்மம் முன்னினும் மிகுதியாக வெப்பத்தை ஏந்திச் செல்லுமாறு செய்யும் முயற்சியின் விளைவே நானோ பாய்மம். ஊர்தியின் ரேடியேட்டர், மின்நிலையத்தின் குளிர்விப்பான், கணினியின் சில்லு ஆகிய எல்லாவற்றிலும் சேரும் வெப்பத்தை ஏதேனும் ஒரு பாய்மம் சுமந்து வெளியேற்ற வேண்டும். அப்பாய்மத்தின் ஆற்றலைக் கூட்ட முடியுமா என்பது உலகெங்கும் பல ஆய்வுக்கூடங்களை ஈர்த்த கேள்வி.

இக்கேள்வியைக் கோலா சுங்கை பாருவில் எழுப்புவதற்குத் தக்க காரணம் உண்டு. 'கோலா' என்னும் மலாய்ச் சொல் ஆற்றின் முகத்துவாரத்தைக் குறிக்கும். ஆற்று நீர் களிமண்ணின் நுண்துகள்களைச் சுமந்து வருகிறது. அத்துகள்கள் ஒத்த மின்னூட்டம் கொண்டவை. ஆதலால் ஒன்றையொன்று விலக்கி நீரில் தொங்கியே நிற்கின்றன. முகத்துவாரத்தில் கடலின் உப்பு கலந்ததும் அவ்விலக்கம் வலுவிழக்கிறது. துகள்கள் திரண்டு, கனத்து, சேறாகப் படிகின்றன. நீரின் ஓட்டம் தணிவதோடு இத்திரட்சியும் சேர்ந்தே முகத்துவாரச் சேற்றை உருவாக்குகிறது. துகள் எப்போது தொங்கி நிற்கும், எப்போது திரளும் என்ற கேள்வி இவ்வூரின் பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

இவ்வூரைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களில் அதே கேள்வி நாள்தோறும் எழுந்தது, கூலியோடும் பிணைந்திருந்தது. நாம் இங்குச் சொல்ல விரும்புவது ஒன்றே. நானோ பாய்மத்தின் வரலாற்றில் வெப்பம் பற்றிய கேள்வியே முதலில் பெரிதாகப் பேசப்பட்டது. துகள் நிலைத்து நிற்குமா என்ற கேள்வி பின்னரே உரிய இடம் பெற்றது. அவ்வரிசை மாறியிருக்க வேண்டும். நிலைப்பே முதல் என்பதைத் தொழிலின் தேவையால் அதற்கு நெடுங்காலம் முன்பே கற்றிருந்த இடம் பால்காடு.

1. கூழ்மம் என்னும் கருத்து

கலங்கிய நீரைத் தெளியவைக்கும் கலை பழைமையானது. தேற்றாங்கொட்டையைத் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளிவிக்கும் வழக்கத்தைக் கலித்தொகை உவமையாக எடுத்தாள்கிறது. அக்கொட்டையில் உள்ள பொருள் மண் துகள்களை ஒன்றுசேர்த்து அடியில் படியச் செய்கிறது. விளக்குப் புகையின் கரியைப் பிசினோடு குழைத்து மை ஆக்கியவர்கள் இதற்கு நேர்மாறான செயலைச் செய்தார்கள். பிசின் கரித்துகளைச் சூழ்ந்து நின்று, அது படியாமல் காத்தது. ஒன்று துகளைத் திரட்டும் கலை. மற்றொன்று துகளைப் பிரித்து நிறுத்தும் கலை. இவ்விரண்டும் கைவினையாக இருந்தன; ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்ற விளக்கம் அப்போது இல்லை.

விளக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியது. 1857-இல் மைக்கேல் ஃபாரடே இலண்டனில் பொன்னின் மிக நுண்ணிய துகள்களை நீரில் தொங்கவைத்து மாணிக்கச் சிவப்பு நிறமுள்ள நீர்மத்தை உண்டாக்கினார். சிறிது உப்பைச் சேர்த்ததும் அதன் சிவப்பு நீலமாக மாறியதை அவர் கண்டார். துகள்கள் திரண்டதன் அடையாளம் அந்நிற மாற்றம் என்பதை இன்று நாம் அறிவோம். 1861-இல் தாமஸ் கிரஹாம், பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு இவ்வகைப் பொருள்களுக்கு ஒரு பெயர் இட்டார். தமிழில் அதனைக் கூழ்மம் என்கிறோம். பாலும் மையும் கூழ்மங்கள்; ரப்பர் மரத்தின் பாலும் கூழ்மமே. நானோ பாய்மம் அக்குடும்பத்தின் இளைய உறுப்பு.

2. பால்காட்டில் ஒரு கூழ்மம்

1876-இல் ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சிதைக்காமல் பட்டையை மெல்லிதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அவருடைய தூண்டுதலால் மலாக்காவின் டான் சாய் யான் 1896-ஐ ஒட்டிப் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டமாகக் கருதப்படுவது அதுவே. அதன் பின் மலாக்காவின் காடுகள் நிரைநிரையாக ரப்பர்த் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் பால் வெட்டத் தமிழகத்திலிருந்து கங்காணி முறையில் திரட்டப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே இன்று இம்மாநிலத்தில் வாழும் தமிழருள் பலர்.

அவர்கள் கையாண்ட பொருளின் இயல்பைச் சற்று விரிவாகக் காண வேண்டும். மரத்திலிருந்து வடியும் பாலில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு வரை ரப்பர் இருக்கும். அது நீரில் கரைந்திருப்பதில்லை, நுண்துகள்களாகத் தொங்குகிறது. துகள்களின் அளவு ஏறத்தாழ 20 நானோமீட்டரில் தொடங்கி இரண்டு, மூன்று மைக்ரோமீட்டர் வரை விரிகிறது. மைக்ரோமீட்டர் என்பது ஆயிரம் நானோமீட்டர். ஆகவே பாலின் சிறு துகள்கள் இன்று நானோ துகள் என்று நாம் வழங்கும் அளவைச் சேர்ந்தவை. ஒவ்வொரு துகளையும் புரதமும் கொழுப்புப் பொருளும் கலந்த மெல்லிய உறை சூழ்ந்திருக்கிறது. அவ்வுறை எதிர்மின்னூட்டம் உடையது. அதனால் துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. பால் பாலாக நிற்பது இவ்விலக்கத்தினால்தான்.

மங்கில் விழுந்த பால் நெடுநேரம் அவ்வாறு நிற்பதில்லை. காற்றிலிருந்தும் மங்கிலிருந்தும் நுண்ணுயிர்கள் அதில் புகுந்து, அதன் சர்க்கரையை உண்டு, அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் துகளின் மின்னூட்டத்தைத் தணிக்கிறது. விலக்கம் குறைந்ததும் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. சில மணி நேரத்தில் பால் கட்டியாகிவிடுகிறது. மங்கிலேயே உறைந்தது கட்டிப்பால். வெட்டுக்கோட்டில் உலர்ந்து ஒட்டியது கோட்டுப்பால். நீர்ப்பாலுக்குக் கிடைத்த கூலி இவற்றுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே மங்கைத் துடைத்துத் தூய்மையாக வைப்பதும், விடியுமுன் வெட்டத் தொடங்குவதும், வெயில் ஏறுமுன் வாளிகளைக் காண்டாக் கம்பில் தூக்கிப் பால் ஸ்டோரில் சேர்ப்பதும் வெறும் ஒழுங்குமுறைகளாக இருக்கவில்லை. கூழ்மத்தின் நிலைப்பைக் காக்கும் செயல்களாகவும், குடும்பத்தின் உணவைக் காக்கும் செயல்களாகவும் அவை ஒருங்கே இருந்தன.

பால் கட்டியாகாமல் இருக்க வேண்டுமானால் சிறிது அம்மோனியா சேர்த்தனர். அது நுண்ணுயிரை ஒடுக்கும். பாலைக் காரத்தன்மை உடையதாக்கி, துகளின் எதிர்மின்னூட்டத்தை வலுப்படுத்தும். பாலை உறையவைக்க வேண்டும் என்றால் நீர்த்த அமிலத்தை ஊற்றினர். இலங்கையில் ஜான் பார்க்கின் 1899-ஐ ஒட்டி அசெட்டிக் அமிலத்தால் பாலை உறையவைக்கும் முறையை ஆராய்ந்து பரிந்துரைத்தார். பின்னர் ஃபார்மிக் அமிலம் தோட்டங்களில் பெருவழக்காயிற்று. அமிலத்தை மிகுதியாக விட்டால் உறைவு சீராக இராது. குறைவாக விட்டால் மறுநாள் உருளையில் ஏற்ற இயலாது. எவ்வளவு பாலுக்கு எவ்வளவு அமிலம், மழைநீர் கலந்திருந்தால் எவ்வளவு என்பதை ஸ்டோரில் வேலை செய்தவர்கள் கண்ணாலும் கையாலும் அறிந்தார்கள். மெட்ரோலாக் என்னும் மிதவை அளவி அவர்களுடைய மதிப்பீட்டை எண்ணாக மாற்றியது. ஒரே பொருளை வேண்டும்போது நிலைக்கவைக்கவும், வேண்டும்போது திரளவைக்கவும் முடியும் என்ற அறிவு இங்கே அன்றாடத் தொழிலாக இருந்தது.

தோட்டத்தொழிலாளர் நானோ அறிவியலை முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொல்வது நம் நோக்கமன்று. அத்தகைய பெருமிதம் வரலாற்றுக்கும் உதவாது, அவர்களுக்கும் உதவாது. விளைவை அறிந்து செயல்படுவது வேறு. அதன் காரணத்தை நிறுவுவது வேறு. ஆயினும் முன்னது இல்லாமல் பின்னது எழுவதில்லை என்பதைப் பாலின் கதையே காட்டுகிறது.

3. ஆய்வுக்கூடத்திற்குச் சென்ற பால்

1827-இல் தாவரவியலர் இராபர்ட் பிரௌன், நீரில் மகரந்தத்தின் உள்துகள்கள் ஓயாமல் நடுங்குவதை உருப்பெருக்கியில் கண்டார். அந்நடுக்கத்துக்குக் காரணம் நீரின் மூலக்கூறுகள் துகளை இடைவிடாது மோதுவதே என்று 1905-இல் ஐன்ஸ்டைன் கணித்தார். கணிப்பைச் சோதிக்கத் தக்க துகள் வேண்டும். பாரிஸில் விக்டர் ஆன்ரி 1908-இல் ரப்பர்ப் பாலின் துகள்களைத் தேர்ந்து, அவற்றின் நடுக்கத்தைத் திரைப்படக் கருவியால் பதிவு செய்தார். அவருக்குக் கிடைத்த எண்கள் ஐன்ஸ்டைனின் கணிப்போடு பொருந்தவில்லை. ழான் பெரென் கம்போஜ மரப்பிசினின் துகள்களைக் கொண்டு செய்த நுட்பமான அளவீடுகள் பொருந்தின; மூலக்கூறுகள் உண்மையிலேயே உள்ளன என்பதற்கு அவை வலுவான சான்றாயின. 1926-இல் பெரெனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தென்கிழக்காசியாவில் விளையும் ஒரு மரத்தின் பிசின், அணுக்கொள்கை நிலைபெற உதவியது.

இந்நடுக்கம் துகள்களைப் படியவிடாமல் தாங்குகிறது. அதே நடுக்கம் அவற்றை ஒன்றோடொன்று மோதவும் செய்கிறது. மோதும்போது ஒட்டுமா, விலகுமா என்பதற்கு 1941-இல் தெரியாகின், லண்டாவ் இருவரும், 1948-இல் வெர்வே, ஓவர்பீக் இருவரும் கணித வடிவம் தந்தனர். எல்லாத் துகள்களும் மிக அருகில் வரும்போது ஒன்றையொன்று ஈர்க்கும். ஒத்த மின்னூட்டம் அவற்றை விலக்கும். விலக்கம் ஈர்ப்பை வெல்லும்வரை கூழ்மம் நிலைக்கும். ஈர்ப்பு வென்றால் திரளும். அமிலமோ உப்போ விலக்கத்தைக் குறைப்பவை. கால்சியம் போன்ற இரட்டை மின்னூட்டம் உடைய உப்புகள் மிகச் சிறிய அளவிலேயே இதனைச் செய்யவல்லவை. மலேசியாவின் கையுறைத் தொழிற்சாலைகளில் கைவடிவ அச்சைக் கால்சியம் நைட்ரேட்டில் தோய்த்துப் பின் ரப்பர்ப் பாலில் அமிழ்த்துகிறார்கள். அச்சின் மேற்பரப்பில் மட்டும் பால் நிலைப்பை இழந்து மெல்லிய படலமாகிறது. கையுறை பிறப்பது அவ்வாறுதான்.

ரப்பர்த் தொழில் இன்னொன்றையும் செய்தது. நிலைப்பை அளக்க ஒரு பொதுவான முறையை வகுத்தது. செறிவூட்டிய பாலை நிமிடத்திற்கு 14,000 சுற்று வேகத்தில் கலக்கி, எத்தனை நொடியில் திரட்சி தோன்றுகிறது என்று எண்ணுகிறார்கள். அனைத்துலகத் தரத்தின்படி அது 650 நொடிக்குக் குறையலாகாது. எந்த நாட்டில் வாங்கினாலும் விற்றாலும் அளவுகோல் ஒன்றே. நானோ பாய்மத் துறைக்கு இவ்வாறு அனைவரும் ஏற்ற நிலைப்பு அளவுகோல் இன்னும் வழக்கில் உறுதிப்படவில்லை. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்தி மேலே செல்வோம்.

4. வெப்பத்தைப் பற்றிய கணக்கு

நீர் வெப்பத்தைக் கடத்துவதில் அத்துணை வல்லதன்று. ஒரு மீட்டருக்கும் ஒரு கெல்வினுக்கும் அதன் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 0.6 வாட். ரேடியேட்டரில் நீரோடு கலக்கும் எத்திலீன் கிளைக்காலுக்கு அது 0.25 அளவே. செம்புக்கோ ஏறத்தாழ 400. நீர்மத்தில் செம்பைக் கலந்தால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழும். இத்தகைய கலவையின் கடத்துதிறனைக் கணிக்கும் வாய்பாட்டை 1873-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் தம் நூலில் தந்திருந்தார். அதன் சாரம் எளியது: நன்கு கடத்தும் உருண்டைத் துகள்கள் சிறிதளவே கலந்து, சீராகப் பிரிந்து நின்றால், கன அளவில் நூற்றில் ஒரு பங்குத் துகள் கடத்துதிறனை ஏறத்தாழ நூற்றில் மூன்று பங்கு உயர்த்தும். துகள் எவ்வளவு சிறந்த கடத்தியாக இருந்தாலும் இதற்கு மேல் ஏறாது. ஏனெனில் ஒரு துகளிலிருந்து மறு துகளுக்குச் செல்ல வெப்பம் இடையிலுள்ள நீரைக் கடந்தே ஆக வேண்டும்.

பழைய சோதனைகளில் மில்லிமீட்டர், மைக்ரோமீட்டர் அளவுத் துகள்கள் பயன்பட்டன. அவை விரைவில் படிந்தன. குழாய்களை அடைத்தன, அரித்தன. 1995-இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டீபன் சோய், துகளை நானோ அளவுக்குச் சிறிதாக்கினால் இக்குறை நீங்கும் என்று முன்மொழிந்து, நானோ பாய்மம் என்ற பெயரையும் வழங்கினார்.

பெயர் புதிது, பொருள் முற்றிலும் புதிதன்று. 1963-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஸ்டீபன் பாப்பெல், காந்த இரும்பு ஆக்சைடை மண்ணெண்ணெயில் ஒலியிக் அமிலத்தோடு நெடுநேரம் அரைத்துக் காந்தப் பாய்மம் ஒன்றை உருவாக்கினார். ஒலியிக் அமிலம் ஒவ்வொரு துகளின் மேலும் உறையாகப் படிந்து, துகளும் துகளும் நெருங்காமல் காத்தது. மையில் பிசின் செய்த வேலையும் பாலில் புரத உறை செய்யும் வேலையும் இதுவே. இவ்வகைப் பாய்மம் பின்னர் ஒலிபெருக்கிகள் சிலவற்றில் கம்பிச்சுருளின் வெப்பத்தை அகற்றப் பயன்பட்டது. நுண்துகள் பாய்மம் வெப்பத்தை அகற்றும் பணியில் வணிகமாக வெற்றிபெற்ற முன்னோடி இதுவென்றால், அங்கே முதலில் தீர்க்கப்பட்டது நிலைப்பின் சிக்கலே என்பதைக் கவனிக்க வேண்டும்.

2001-இல் ஆர்கான் குழு வெளியிட்ட முடிவு உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. எத்திலீன் கிளைக்காலில் கன அளவில் நூற்றுக்கு 0.3 பங்கு மட்டுமே செம்பு நானோ துகள் கலந்ததில் கடத்துதிறன் ஏறத்தாழ 40 விழுக்காடு உயர்ந்தது என்றனர். மாக்ஸ்வெல்லின் கணக்குப்படி ஒரு விழுக்காடுகூட உயர்ந்திருக்கக் கூடாது. அதே ஆண்டில் எண்ணெயில் கரிம நானோ குழாய்களை நூற்றுக்கு ஒரு பங்கு கலந்து 160 விழுக்காடு உயர்வு கண்டதாகவும் அறிவித்தனர். நூற்றாண்டுக்கும் மேலாக நின்ற வாய்பாடு தவறா என்ற வினா எழுந்தது. ஆய்வேடுகள் பெருகின.

5. சென்னையும் கல்பாக்கமும்

இவ்வரலாற்றில் தமிழகத்தின் இரு நிறுவனங்களுக்கு முதன்மையான இடம் உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சரித் குமார் தாஸ், ஜெர்மானிய ஆய்வாளரோடு இணைந்து 2003-இல் வெளியிட்ட கட்டுரை, நானோ பாய்மத்தின் கடத்துதிறன் உயர்வு வெப்பநிலையோடு சேர்ந்து கூடுகிறது என்று காட்டியது. 21 பாகையிலிருந்து 51 பாகை செல்சியஸ் வரை செல்லும்போது அவ்வுயர்வு இரு மடங்கு முதல் நான்கு மடங்கு வரை பெருகியதாக அவர்கள் கண்டனர். அதே கழகத்தில் தலப்பில் பிரதீப், சுந்தரராஜன் ஆகியோரோடு இணைந்து, மிகமிகச் சிறிய அளவில் பொன், வெள்ளித் துகள்கள் கலந்த பாய்மங்களையும் அக்குழு ஆராய்ந்தது. இத்துறைக்கு அடிப்படை நூலாக அமைந்த ஒன்றைத் தாஸும் பிரதீப்பும் சோயோடும் வென்ஹுவா யூவோடும் இணைந்து எழுதினர்.

வெப்பநிலை ஏறினால் துகளின் நடுக்கமும் ஏறும். ஆகவே பிரௌன் கண்ட அந்நடுக்கமே சுற்றியுள்ள நீரைக் கலக்கி வெப்பத்தைக் கடத்துகிறது என்ற விளக்கம் பலரை ஈர்த்தது.

கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஜான் பிலிப்பின் குழு வேறொரு வழியில் சென்றது. அவர்கள் எடுத்துக்கொண்டது பாப்பெலின் மரபில் வந்த காந்தப் பாய்மம்; துகள்கள் ஒலியிக் அமில உறையோடு நன்கு நிலைத்தவை. காந்தப்புலத்தை இயக்கினால் அத்துகள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும்; புலத்தை நிறுத்தினால் மீண்டும் பிரியும். வெப்பம் பாயும் திசையில் சங்கிலி அமைந்தபோது கடத்துதிறன் ஏறத்தாழ 300 விழுக்காடு உயர்ந்தது என்று 2007-இல் அறிவித்தனர். புலம் இல்லாதபோது உயர்வு மிதமானதே. துகள் துகளைத் தொட்டு நிற்கும்போது வெப்பத்திற்கு நீர்மத்தின் வழியாகச் செல்லாத ஒரு பாதை திறக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. 2009-இல் அக்குழு, அளவில் வேறுபட்ட, நன்கு நிலைத்த துகள்களைக் கொண்டு சோதித்து, நடுக்கத்தால் எழும் நுண்கலக்கம் கடத்துதிறன் உயர்வின் முதன்மைக் காரணம் அன்று என்ற முடிவிற்கு வந்தது.

6. ஒரே பாய்மம், பல ஆய்வுக்கூடங்கள்

அதே 2009-இல் இன்னொரு முயற்சியின் பயன் வெளிவந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜக்கோப்போ புவோன்ஜோர்னோவின் ஒருங்கிணைப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஒன்றுகூடின. ஒரே பாய்மங்களின் மாதிரிகள் அவற்றுக்கு அனுப்பப்பட்டன. ஒவ்வொன்றும் தத்தம் கருவியால் அளந்தது. எண்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று நெருங்கி நின்றன. மாக்ஸ்வெல்லின் வழிவந்த கோட்பாட்டோடும் பொருந்தின. அப்பாய்மங்களில் வியப்பிற்குரிய உயர்வு எதுவும் தென்படவில்லை.

இம்முடிவை முந்தைய ஆய்வாளரைப் பழிப்பதற்கான கருவியாகக் கொள்ளலாகாது. ஆன்ரியின் எண்கள் பொருந்தாமற்போனபோது பெரென் அளவீட்டைச் செம்மைப்படுத்தினாரே, அதைப் போன்ற படிநிலையே இது. ஆனால் ஒன்றை அது அழுத்தமாக உணர்த்தியது. இரண்டு ஆய்வுக்கூடங்கள் ஒரே பெயருள்ள பாய்மத்தைத் தயாரித்தாலும், ஒன்றில் துகள் பிரிந்து நிற்கலாம், மற்றொன்றில் பாதி திரண்டிருக்கலாம். அவ்வாறாயின் இருவர் அளந்ததும் ஒரே பொருளை அன்று. நிலைப்பைக் கூறாத கடத்துதிறன் எண்ணுக்குப் பொருள் குறைவு. பாலின் தன்மையைக் கூறாமல் எடையை மட்டும் சொன்னால் பால் ஸ்டோரின் கிராணி ஏற்றிருக்க மாட்டார்.

7. நிலைப்பின் விலை

இங்கே ஓர் உண்மையான முரண் இருக்கிறது. துகள்கள் தொட்டுக்கொண்டால் வெப்பம் எளிதாகக் கடக்கும். ஆனால் தொட்டுக்கொண்ட துகள்கள் படியவும் தொடங்கும். எவ்வளவு விரைவாகப் படியும் என்பதை ஸ்டோக்ஸின் விதியால் கணிக்கலாம். 30 நானோமீட்டர் விட்டமுள்ள அலுமினியம் ஆக்சைடு துகள் நீரில் ஒரு நாளில் இறங்கும் தொலைவு ஒரு மில்லிமீட்டரின் எட்டில் ஒரு பங்கு அளவே. அதே பொருள் 3 மைக்ரோமீட்டர் அளவுக்குக் கெட்டியாகத் திரண்டால் நாளொன்றுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் இறங்கும். விட்டம் நூறு மடங்கானால் வேகம் பத்தாயிரம் மடங்காகிறது. கண்ணாடிக் குழாயில் காலையில் பால் போல் நின்ற பாய்மம் மாலையில் மேலே தெளிநீரும் கீழே சேறுமாகப் பிரிவதன் காரணம் இதுவே.

திரட்சிக்கு இன்னொரு விலையும் உண்டு. துகள் கலந்த நீர்மம் தடிக்கும். நூற்றில் ஒரு பங்கு துகள் பாகுநிலையை நூற்றில் இரண்டரைப் பங்கு உயர்த்தும் என்பது ஐன்ஸ்டைனின் கணக்கு. துகள்கள் திரண்டால் அதனினும் மிகும். தடித்த நீர்மத்தைக் குழாயில் செலுத்த எக்கிக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். வெப்பத்தில் பெற்றதை எக்கியில் இழந்தால் பயன் என்ன?

ஆகவே நிலைப்பைக் காக்கும் வழிகளே இன்று ஆய்வின் நடுவிடத்தில் உள்ளன. கேளா ஒலி அலையால் திரட்சியை உடைக்கிறார்கள். பாய்மத்தின் அமில கார அளவை, துகளின் மின்னூட்டம் சுழியாகும் புள்ளியிலிருந்து விலக்கி வைக்கிறார்கள். துகளுக்கு உறை இடுகிறார்கள். மின்னூட்டத்தின் வலிமையைக் காட்டும் ஜீட்டா மின்னழுத்தம் 30 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் நல்ல நிலைப்பு என்று கொள்வது வழக்கம். அம்மோனியா, அமிலம், புரத உறை என்று தோட்டத்தில் நாம் கண்ட மூன்றின் மறுவடிவங்களே இவற்றுள் பின்னைய இரண்டும். புதிய இடர் வெப்பத்தினால் வருகிறது: ஆய்வுக்கூடத்தின் தட்பத்தில் நிலைத்த பாய்மம், சூடேறிக் குளிர்ந்து மீண்டும் சூடேறும் சுழற்சியில் தன் உறையை இழந்து திரளக்கூடும்.

இக்கேள்விகள் நம் மாநிலத்திற்கு அயலானவை அல்ல. தெலோக் கோங் கடற்கரையில் எரிவாயு மின்நிலையங்கள் இயங்குகின்றன. பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையில் மின்னணுச் சில்லுகள் உருவாகின்றன; தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அத்தகைய தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறார்கள். 2000-இல் தொடங்கப்பெற்ற மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நானோ பாய்ம ஆய்வு நடைபெற்றுவருகிறது. பாலைக் காத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சில்லின் வெப்பத்தை அகற்றும் பாய்மத்தைக் காக்க வேண்டிய இடத்திற்கு வந்திருக்கிறார்கள்.

8. நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து மொழிக்குரிய ஒரு கடமை எழுகிறது. கூழ்ம வேதியியலைத் தமிழ்ப்பிள்ளைக்குக் கற்பிக்கும்போது நாம் பெரும்பாலும் தொலைவிலுள்ள எடுத்துக்காட்டுகளைத் தேடுகிறோம். நம் தோட்டத் தமிழிலோ பால் நிலைப்பின் ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் இருக்கிறது. நீர்ப்பால், கட்டிப்பால், கோட்டுப்பால், ஒட்டுப்பால் என்பவை ஒரே கூழ்மம் எங்கே, எப்போது, எவ்வாறு தன் நிலைப்பை இழந்தது என்பதைப் பிரித்துக் காட்டும் பெயர்கள். இவை கொச்சை என்று ஒதுக்கத் தக்கவை அல்ல. உழைப்பால் கூர்மை பெற்ற கலைச்சொற்கள்.

ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. மங்கும் காண்டாக் கம்பும் வீட்டுப் பரண்களிலிருந்தும் மறைகின்றன. அமிலத்தின் அளவைக் கையால் அறிந்த தலைமுறை முதுமையை எட்டிவிட்டது. அவர்களிடம் கேட்டு எழுதும் பணியைத் தமிழ்ப்பள்ளி மாணவர்களே மேற்கொள்ளலாம்: பால் எப்போது உறையும், மழைநாளில் என்ன செய்வீர்கள், அம்மோனியாவை எப்போது சேர்ப்பீர்கள் என்று ஐந்தாறு கேள்விகள் போதும். விடைகளை அறிவியல் ஆசிரியரும் மொழியாசிரியரும் ஒருசேர அமர்ந்து படித்தால், ஒருவருக்குப் பாடம் கிடைக்கும். மற்றவருக்குச் சொல் கிடைக்கும்.

நானோ பாய்மத்தின் வரலாறு நமக்குத் தரும் படிப்பினை அடக்கமானது. பெரிய எண்ணைக் கண்டு வியப்பதற்கு முன், அளக்கப்பட்ட பொருள் நிலைத்து நின்றதா என்று கேட்க வேண்டும். பால்காட்டில் அக்கேள்விக்கு விடை தவறினால் அன்றைய கூலி குறைந்தது. ஆதலால் அங்கே யாரும் அதனைக் கேட்க மறக்கவில்லை. நம் பிள்ளைகள் ஆய்வுக்கூடத்திலும் அதனை மறவாமல் கேட்பார்களாக.